கேலஸ்: காய்ப்பா, திசுத்திரளா?

திசு வளர்ப்புக் கூடங்களில் அன்றாடம் புழங்கும் ‘கேலஸ்’ என்னும் சொல், இலை, தண்டு, வேர் என எந்த உறுப்பாகவும் உருப்பெறாமல் பெருகிக்கொண்டே போகும் தாவரச் செல்களின் திரளைக் குறிக்கிறது. சொல்லின் மூலம் இலத்தீன். அம்மொழியில் தடித்து இறுகிய தோலுக்கு அந்தப் பெயர். மரப்பட்டை உரிந்த இடத்தில் விளிம்பிலிருந்து புடைத்து வந்து காயத்தை மூடும் திசுவுக்கும், பின்னர் ஆய்வகத்தில் ஊட்டக் கலவையான வளர்தளத்தில் வளரும் செல்திரளுக்கும் தாவரவியலார் அதையே வழங்கினர்.

மண்வெட்டி பிடித்த உள்ளங்கையில் விழும் தடிப்பைத் தமிழில் காய்ப்பு என்கிறோம். மூலப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை என்றாலும், பயிரைப் பற்றிய பேச்சில் காய்ப்பு என்பது காய் பிடிப்பதையே குறிக்குமாதலால் இங்கே அது பயன்படாது. தவிர, ஆய்வகக் கேலஸ் பெரும்பாலும் இறுகியதும் அன்று. இடுக்கியால் தொட்டாலே உதிரும் வகையைத்தான் ஆய்வாளர் விரும்புகின்றனர். ‘காயத்திசு’ மரப்பட்டைக்குப் பொருந்தும். ஆய்வகத்தில் திசுவைப் பெருக்குவது காயம் மட்டும் அன்று, வளர்தளத்தில் சேர்க்கும் வளர்ச்சி ஒழுங்குபடுத்திகளும்தான்.

புகையிலைத் தண்டின் உட்சோற்றை வளர்த்து ஸ்கூக், மில்லர் என்னும் ஆய்வாளர் இருவரும் 1957இல் காட்டியது இதுவே: ஆக்ஸின், சைட்டோகைனின் என்னும் இருவகை ஒழுங்குபடுத்திகளில் ஆக்ஸின் மிகுந்தால் வேரும், சைட்டோகைனின் மிகுந்தால் குருத்தும் தோன்றுகின்றன, இரண்டும் ஒத்த நிலையில் இருந்தால் கேலஸ் பெருகுகிறது. நெல்லில் ஆக்ஸின் வகையைச் சேர்ந்த 2,4-டி பெரும்பாலும் போதும். உமி நீக்கி நுண்ணுயிர் நீக்கம் செய்த அரிசியை, லிட்டருக்கு 2 மில்லிகிராம் 2,4-டி கலந்த வளர்தளத்தில் ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் இருளில் வைத்தால், மூன்று நான்கு வாரங்களில் கருவின் ஸ்குட்டெல்லம் என்னும் கேடயம் போன்ற விதையிலைப் பகுதியிலிருந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் குருணை போன்ற திரள் எழும். பிறகு 2,4-டியை நீக்கிச் சைட்டோகைனின் மிகுந்த வளர்தளத்துக்கு மாற்றி வெளிச்சத்தில் வைத்தால்தான் அதில் பச்சைப் புள்ளிகளும் குருத்தும் தோன்றும்.

இதே 2,4-டிதான் வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கும் களைக்கொல்லி. அளவைப் பொறுத்து வளர்க்கவும் கொல்லவும் செய்யும் பொருளை, கடைவழக்கைப் பின்பற்றி ‘வளர்ச்சி ஊக்கி’ என்று எழுதுவதைவிட ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ என்பதே சரி.

பாடநூல்களில் ‘கேலஸ்’ என்ற ஒலிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. அதை விலக்க வேண்டியதில்லை. தமிழ்ச்சொல் வேண்டுவோர் ‘திசுத்திரள்’ எனலாம். திரளுதல் என்ற வினை உள்ளே இருப்பதால் ‘திசுத்திரள் தூண்டல்’, ‘திரளாத திசு’ என்றெல்லாம் தடையின்றி எழுத முடிகிறது.