வெளிநாட்டு ஆசிரியர் பணியும் ஊரில் முடியாத பழைய வழக்கும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பி.எட். முடித்துவிட்டு வளைகுடா நாடுகளுக்கு ஆசிரியர் பணிக்குச் செல்பவர்களிடம் பள்ளி நிர்வாகம் தவறாமல் கேட்கும் ஆவணம், குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்றிதழ். குழந்தைகளோடு பழகும் வேலை என்பதால் இதில் எந்த நாடும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்தச் சான்றிதழை, அதாவது பி.சி.சி.யை, பாஸ்போர்ட் அலுவலகம் வழங்குகிறது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தையும், புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி மண்டல அலுவலகத்தையும் சேர்ந்தவை. தமிழ்நாடு காவல்துறை தன் இணையதளம் வழியாகத் தரும் சரிபார்ப்புச் சான்று வேறு. எது வேண்டும் என்பதை வேலை தருபவரிடமே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பிப்பதில் பெரிய சிரமம் இல்லை. வழக்கறிஞர் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் சிக்கல், காவல் நிலைய விசாரணையின்போது வெளிப்படும் பழைய வழக்குதான். நம் பகுதியில் பாகம் பிரியாத பெரிய வீடுகள் ஏராளம். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய ஓர் அறையின் பூட்டை உடைத்ததாகப் பங்காளிகளுக்குள் தகராறு எழும். புகார் கொடுப்பவர் கோபத்தில் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் சேர்த்து எழுதிவிடுவார். அன்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண் முதல் தகவல் அறிக்கையில் நான்காம் எதிரியாக இருப்பார். பெரியவர்கள் கூடிப் பேசிச் சமாதானம் செய்துவிடுவார்கள். அடுத்த கல்யாணத்தில் இரு வீட்டாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் விடுவார்கள். ஆனால் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்ய யாருக்கும் தோன்றாததால், ஆவணத்தில் வழக்கு நிலுவையிலேயே இருக்கும்.

புகார் மனு ஏற்பு ரசீதோடு முடிந்திருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால், அதன் நிலை என்ன என்பதை விண்ணப்பிக்கும் முன்பே நீதிமன்றத்தில் பார்த்துவிட வேண்டும். விடுதலை ஆகியிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும். சமரசத்துக்கு உட்பட்ட குற்றமென்றால் நீதிமன்றத்திலேயே சமரசம் பதிவு செய்யலாம். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். மற்றவற்றுக்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம்; எதிர்த்தரப்பின் சம்மதம் இருந்தால் வேலை எளிது.

பணி விண்ணப்பத்தில் “உங்கள்மீது வழக்கு உண்டா?” என்ற கேள்விக்கு, ஏஜெண்ட் சொன்னார் என்று “இல்லை” என எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. சில்லறை வழக்கை விளக்கிவிட முடியும். மறைத்ததை விளக்க முடியாது.

முன்பு வேறு நாட்டில் பணியாற்றியவர் அந்நாட்டுக் காவல்துறையின் சான்றிதழையும் தனியே பெற நேரிடலாம். ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே சான்றொப்பத்தோடு மற்ற உறுப்பு நாடுகள் ஏற்க வழிசெய்யும் அபோஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருந்தாலும், ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லாததால், வெளியுறவு அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பின் அமீரகத் தூதரகச் சான்றொப்பமும் தேவைப்படும். பல பள்ளிகள் மூன்று அல்லது ஆறு மாதங்களுக்குள் பெற்ற சான்றிதழையே ஏற்பதால், வழக்கை முடித்துவிட்டு அதன்பின் விண்ணப்பிப்பதே சரியான வரிசை.