நாற்பது நாள் குட்டியும் தவழும் பிள்ளையும்

முழுப் பரீட்சை முடிந்தால் போதும், மதுரையில் என் கால்நடை மருத்துவமனைக்குப் புதுக் குட்டிகள் வர ஆரம்பித்துவிடும். ஊரே சித்திரைத் திருவிழாவில் இருக்க, அட்டைப்பெட்டிக்குள் ஒரு நாய்க்குட்டியோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் வில்லாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. லாப்ரடார் குட்டி. மூத்த பையனுக்கு மூன்று வயது, இளையவள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள்.

"பையன் கேட்டுக்கிட்டே இருந்தான் சார், அதான் வாங்கிட்டோம்" என்றார் அப்பா.

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். குட்டியை யார் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்? அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அப்பத்தாவைப் பார்த்தார். அப்பத்தா என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டு பேரு பின்னாடி ஓடவே எனக்குப் பொழுது சரியா இருக்கு. இதுல மூணாவதா?"

மூன்றாவதேதான். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கும். ராத்திரியும் ஒரு முறையாவது எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும். நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு. பதினெட்டு மணி நேரம் தூங்கும், அந்தத் தூக்கத்தைக் கெடுக்காமல் ஒரு மூன்று வயதுப் பையனைப் பிடித்து வைக்க வேண்டும். "பிள்ளைக்காக" வாங்கும் குட்டியைப் பிள்ளை வளர்ப்பதில்லை.

அந்தக் குட்டிக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். "நாப்பது நாள் குட்டி சார்." நம் ஊரில் குட்டி விற்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு இது. எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. கேட்பார்தான் இல்லை. அந்தப் பதினாறு நாளில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கூடப் பிறந்த குட்டிகளோடு கட்டிப் புரளும்போது ஒன்றை அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கும் பள்ளிக்கூடம் அதுதான். பாதியிலேயே பிரித்துக் கொண்டுவந்தால், மிச்சப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். பால் பல் 28-ம் ஊசி மாதிரி இருக்கும். நான்கு மாதத்துக்கு மேல் அவை விழுந்து புதுப் பல் முளைக்கும்போது நாற்காலிக் கால், செருப்பு, குழந்தையின் கால் விரல் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

இங்கேதான் எனக்குப் பயம் வருகிற வார்த்தையைச் சொல்வார்கள்: "குட்டிதானே சார், விளையாட்டுக்குப் பல்லு படுது."

குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதே மூன்று மாதம் ஆன பிறகுதான். தாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்பதை நம்பி இருக்க முடியாது. வீட்டுக்கு வருவதற்கு முன் அந்தக் குட்டியை வேறொரு நாய் கடித்திருக்குமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெருவில் கத்திக்கொண்டு கிடந்தது, பாவமென்று பிள்ளைகள் தூக்கி வந்துவிட்டன என்றால் இன்னும் கவனம் வேண்டும். அப்படி ஒரு குட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, தாடை தொங்குகிறது. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று வீட்டில் ஆளாளுக்கு வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் குட்டி செத்துவிட்டது. அந்த வீட்டில் ஏழு பேரையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஊசிக்கு அனுப்பினேன். ஒரே ஒரு நாள் "பார்க்கலாம்" என்று விட்டிருந்தாலும் எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அறிகுறி தொடங்கிவிட்டால் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. சரியான நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டால் வராமலே தடுக்கலாம்.

ஆகவே பல் பட்டாலும் சரி, நகம் கீறினாலும் சரி, முதலில் குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடத்திலேயே பதினைந்து ஆன மாதிரி இருக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். நீங்கள் போகும் அன்றே ஒன்று, அதிலிருந்து 3, 7, 28-ம் நாள் என நான்கு தடவை கையில் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. ரத்தம் வந்த காயமென்றால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல், கடித்ததைச் சொல்லாது. குட்டியைத் திட்டுவார்கள், கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று மறைக்கும். குளிப்பாட்டும்போது கை காலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குரைக்கிற நாய் கடிக்காது என்று நம்மூரில் சொல்வார்கள். நான் பார்த்த கடிகளில் பல, முன்பு உறுமியபோது அடி வாங்கிய நாய்கள் கடித்தவை. பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தால் நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சும்மா வாயை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும். அப்புறம் விறைத்து நிற்கும். அதற்கும் பிறகுதான் உறுமல். உறுமியதற்கு அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் எதுவும் புரியாது, பல் தெரிந்தால் சிரிக்கிறது என்று நினைக்கும். அதன் முகம் இருக்கும் உயரமும் நாயின் வாய் இருக்கும் உயரமும் ஒன்று. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், இந்தா வந்துவிட்டேன் என்று இரண்டையும் ஒரே அறையில் விட்டுப் போகாதீர்கள். கூடவே இருக்க முடியாது என்றால் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு வாங்கி வைப்பது நல்லது. தடுப்புக்கு அந்தப் பக்கம் குட்டியின் சாப்பாட்டுத் தட்டும் படுக்கையும் இருக்கட்டும், பிள்ளைக்கு அங்கே வேலையில்லை.

பூச்சி மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், கொழுகொழுவென்று இருக்கும் குட்டிக்கும் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை மருந்து கொடுக்க வேண்டும். மலத்தோடு வெளியே வரும் முட்டை மண்ணில் ஒன்றிரண்டு வாரமாவது கிடந்தால்தான் மனிதரைத் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அள்ளாத மண்ணைத் தின்னும் பிள்ளைக்கு அந்தப் புழு கண் வரைக்கும் போகலாம்.

உண்ணி மருந்து விஷயத்தில் அப்பாக்கள்மேல்தான் எனக்குக் கோபம். மாட்டுக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீரில் கலந்து நாய்க்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது. அதே தரையில் பிள்ளை தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. உண்ணிக்கு மாத்திரை இருக்கிறது, கேளுங்கள்.

எந்த ஜாதி நாய் வாங்கலாம் என்றுதான் பலரும் என்னிடம் முதலில் கேட்பார்கள். அது கடைசிக் கேள்வி. ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அருமையான நாய்கள், ஆனால் ஓட இடம் வேண்டும். மதுரை வெயிலுக்கு ஹஸ்கி வேண்டவே வேண்டாம். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகட்டும் என்பேன். அதற்கு முன் வேண்டுமென்றால், குழந்தைகளோடு பழகிய, தடுப்பூசி எல்லாம் போட்ட வளர்ந்த நாயாகப் பாருங்கள். குணம் என்னவென்று அதற்குள் தெரிந்திருக்கும்.

வில்லாபுரத்துக் குட்டி மேலூரில் சித்தப்பா வீட்டுக்குப் போனது. போன மாதம் தடுப்பூசிக்குக் கூட்டி வந்திருந்தார்கள், எடை முப்பது கிலோ. கூட வந்த பையனுக்கு இப்போது ஐந்து வயது. நாய்க்கு ஊசி போடும்போது பக்கத்தில் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டான். "அது கொட்டாவி விடுது சார், அதுக்குப் பிடிக்கல" என்றான்.