ஃபார்மட் போடும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

"அண்ணே, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஃபார்மட் போட்டுக் குடுத்திருங்க."

என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நோயைச் சொல்வதோடு மருந்தையும் சொல்லிவிடுவார்கள். நான் உடனே ஃபார்மட் போடுவதில்லை, அதாவது டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாய்ப் போடுவதில்லை. சிபியு பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

போன சித்திரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். போட்டு இருபது நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. வேறோர் இடத்தில் இரண்டு தடவை ஃபார்மட் போட்டும் சரியாகவில்லை. திறந்தால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி பஞ்சு மெத்தைபோல் அடைத்திருந்தது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று உள்ளே போக வழியில்லை. சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் தணியாவிட்டால் கருகிப்போகாமல் இருக்க இயந்திரத்தையே நிறுத்திவிடும். விண்டோஸை எத்தனை தடவை புதிதாய்ப் போட்டாலும் அந்தத் தூசி அங்கேயேதானே இருக்கும்? ஊதிச் சுத்தம் செய்து, பிராசஸரிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருந்ததைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். அவ்வளவுதான் வேலை.

இதில் பாதியை நீங்களே செய்யலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். அப்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். ஈரத்துணி கூடாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிளக்கை எடுத்த பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். லேப்டாப் என்றால் இந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வைக்கும் முன் மூடியைத் திறந்து ஊதிவிட்டால் வருடத்தில் ஒரு தடவையாவது அந்த வேலை நடந்துவிடும். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சிபியுவை வைக்காதீர்கள். ஊதுபத்திப் புகையும் தூசியும் சேர்ந்தால் பிசின்போல ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது.

தூசி இல்லை, அப்படியும் ஸ்லோ என்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறம் காட்டினால் பெரிதாகப் பயமில்லை. மஞ்சளோ சிவப்போ காட்டினால் அன்றைக்கே, வேறெதுவும் செய்யும் முன், படங்களையும் பத்திரங்களையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஃபார்மட் போட்டுவிட்டு, "பாப்பா போட்டோ எல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்று என் முன்னால் கண்கலங்கி நின்றவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல எனக்குப் பதில் இருந்ததில்லை. டிஸ்க் நன்றாக இருந்தாலும் மாதம் ஒரு நகல் எடுங்கள். எடுத்ததும் அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி மாட்டினால் ஏழெட்டு வருட இயந்திரமும் துள்ளி எழும். சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் வேலை அதற்குத் தேவையில்லை, பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லி 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்', 'பிசி பூஸ்டர்' என்று வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், சிஸ்டம் போட்டதும் தானாக ஓடத் தொடங்குபவற்றில் வேண்டாதவற்றை நிறுத்தினாலே நல்ல மாற்றம் தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதில் வங்கி வேலை பார்க்கிறவர்கள் விண்டோஸ் 11 ஏறுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றன என்றால் வைரஸ் என்று பதற வேண்டாம். உள்ளே இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டில், தேதியையும் நேரத்தையும் காத்து வைக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.