கூட ஆள் இருப்பார்களே என்று இனியும் சொல்லாதீர்கள்

பாளையங்கோட்டையில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தன் இரத்தப் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டியிருந்தது. முடிவு அவருடைய செல்போனுக்கே வந்திருந்தது. ஆனால், காகிதத்தைப் படமெடுத்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் அவருடைய திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க ஓர் எழுத்துகூட இல்லை. கடைப் பையன் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி முழுவதையும் வாசித்துவிட்டான். என்ன பரிசோதனை என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மருத்துவ இணையதளங்களை மக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். இப்படி ஏதாவது ஒன்று காதுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. தளத்தை உருவாக்கியவர்களிடம் கேட்டால், பதிலும் மாறுவதில்லை: "பார்வை இல்லாதவர்கள் என்றால் கூட ஆள் இருப்பார்களே!"

இருப்பார்கள். யார் அந்த ஆள்? மாமியாராக இருக்கலாம். அண்ணனாகவோ பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவனாகவோ இருக்கலாம். கருத்தடை பற்றிப் படிக்க நினைக்கும் பெண் மாமியாரை வாசிக்கச் சொல்வாளா? காசநோய் முடிவைப் பக்கத்து வீட்டுப் பையன் திறந்தால், தெரு முழுக்கத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? கண் தெரிகிறவர் தன் நோயைத் தனியாகப் படித்துக்கொள்கிறார். கண் தெரியாதவர் மட்டும் சாட்சி வைத்துக்கொண்டு படிக்க வேண்டுமா? உதவிக்கு ஆள் இருப்பது நல்லதுதான். அந்த ஆளை நம்பித் தளத்தைக் கட்டுவதுதான் தவறு.

பார்வையற்றவர்களோடு இது முடிவதுமில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்கள் பலருக்கு வீட்டில் இருப்பது மகனுடைய போன். ஓடிபி அவனுக்குத்தான் போகும். அவன் வேலை முடிந்து வருவதற்குள் அது காலாவதியாகிவிடும். காது கேளாதவர்களுக்கோ, பக்கத்தின் அடியில் "விவரங்களுக்கு அழைக்கவும்" என்று ஒரு தொலைபேசி எண். எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்பீர்கள். சைகைமொழியை முதல் மொழியாகக் கொண்ட பலருக்கு நீண்ட தமிழ் வாக்கியம் இரண்டாம் மொழி. நூறாண்டைக் கடந்த பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் உள்ள பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, சோதனைக்கு அலுவலகத்து இளைஞர்களையே உட்கார வைக்கிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில், நுழைபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவைக் காதால் கேட்க வழி இல்லை என்ற குறை 2021-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று அதே நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இனியும் இது சலுகை என்று பேச இடமில்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தோம் என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். அதில் தெரிவது திடீரென்று இருட்டில் விடப்பட்டவரின் தடுமாற்றம் மட்டுமே. பல ஆண்டுகளாகத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவர் கேட்கும் வேகத்தில் உங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. தானியங்கிச் சோதனைக் கருவியையும் முழுதாக நம்ப வேண்டாம். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது பார்க்கும். அந்தப் பெயர் யாருக்காவது புரிகிறதா என்று பார்க்காது.

மாதிரிப் பக்கம் தயாரானதுமே ஆட்களைக் கூப்பிடுங்கள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூப்பிட்டுப் பயனில்லை. முடிந்தால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்களே போங்கள். அவர்களுடைய சொந்த போனிலேயே சோதியுங்கள். வேகமும் குரலும் அவர்கள் பழகியபடி அதில்தான் இருக்கும். சைகைமொழிபெயர்ப்பாளரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள், கூட வரும் தங்கையை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள். அவர்களுடைய சொந்த நோய் விவரத்தைக் கேட்காதீர்கள், கற்பனைப் பெயரில் ஒரு மாதிரி அறிக்கையைக் கொடுங்கள். அவர்கள் திணறும்போது கையை நீட்டிப் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடமே அதுதான். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவருக்குப் பொன்னாடை வேண்டாம், பணம் கொடுங்கள்.

தளம் ஏற்கெனவே வெளிவந்துவிட்டதா? தயவுசெய்து பரிசோதனை முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். படமாக ஏற்றுவதை நிறுத்தி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு எழுத்தாகவே கொடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழைத் திரைவாசிப்பான் உளறலாகத்தான் வாசிக்கும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. முகப்புப் பக்கத்துக்கு வண்ணம் பூசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.