ஸ்கேனில் தெரியாத குடைச்சல்

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா திண்ணையிலிருந்து மூன்று தவணையில்தான் எழுவார். கையை ஊன்றுவார், தூணைப் பிடிப்பார், கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்று அப்புறம் நிமிர்வார். குறுவை, சம்பா, தாளடி என்று சேற்றில் குனிந்து நட்ட இடுப்பு. நடவுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடமாகியும் குடைச்சல் நிற்கவில்லை. ஸ்கேன் பார்த்தவர், "வயசுக்கேத்த தேய்மானம்தான், பெருசா ஒண்ணுமில்ல" என்றார். "அப்ப நான் நடிக்கிறேனா?" என்றார் பெரியம்மா.

நடிப்பில்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் அதே தேய்மானம் தெரியும்.

வரப்பில் கருவேல முள் குத்தினால் முதலில் 'சுளீர்'. சற்றுக் கழித்து 'விண் விண்'. இரண்டும் வேறு வேறு நரம்பு இழைகளின் வேலை. மெல்லிய உறை உள்ள ஏ-டெல்டா இழையில் சேதி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும்; உறையில்லாத சி இழையில் 2 மீட்டருக்கு மேல் போகாது. நம் பேச்சு என்றைக்கோ இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்துவிட்டது.

சேதி முதுகுத்தண்டை அடையும் இடத்தில் ஒரு கதவு இருக்கிறது என்று 1965-இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் சொன்னார்கள். நமக்கு மதகு என்றால் சட்டென்று புரியும். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்தால், தொடு உணர்வு போய் மதகைக் கொஞ்சம் இறக்குகிறது. மூளையும் மேலிருந்து ஏற்றி இறக்கும்: தூங்காத இரவும் கடன் கவலையும் ஏற்றிவிடும். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். மதகை யாரும் பிடுங்கவில்லை.

ஆனால் மதகே பழுதானால்? வலிச் சேதி ஓயாமல் வந்தால் முதுகுத்தண்டின் நரம்புச் செல்களே உசுப்பேறிப்போகும் என்று 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் எலிகளில் காட்டினார். அதன் பிறகு சின்னத் தூண்டலும் பெரிதாகக் கேட்கும். புடவைக் கட்டு உரசினாலே எரியும். புண் ஆறியிருக்கும், நரம்பு அடங்கியிருக்காது. மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை மருத்துவம் தனி நோயாகவே பார்க்க ஒரு காரணம் இது.

இதில் பெரிய வில்லன் நல்ல நாள்தான். வலி குறைந்த அன்று பெரியம்மா நெல் அவித்து, கொல்லையைக் கூட்டி, மூன்று நாள் படுத்துவிடுவார். இப்போது பிசியோதெரபிஸ்ட் கணக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்: வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினமும் இரண்டாவது கரண்ட் கம்பம் வரை நடை.

"இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு, மூணாவது கம்பம் வரைக்கும் போயிட்டு வரட்டுமா?"

"வேணாம் பெரியம்மா, திரும்புங்க."