அரிசி ஆலைத் தண்ணீர் ஏன் நாறுகிறது?

காலபோக அறுவடை முடிந்து நெல் அவிப்பு மும்முரமாக நடக்கும் மாசி, பங்குனியில் பரந்தன் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீர் வெளியே வரும்போது புழுங்கல் வாசம்தான் அடிக்கிறது. இரண்டு நாள் வாய்க்காலில் கிடந்தால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. மூடிய தொட்டிக்குள் விட்டால் நாற்றம் குறையும் என்கிறார்கள். மூடினால் இன்னும் அல்லவா அழுகும்?”

மூடினால் இன்னும் நன்றாகத்தான் அழுகும். நாற்றம் குறைவதும் அதனால்தான். வாய்க்காலில் நம் மூக்கைத் துளைப்பது அழுகல் பாதி வழியில் நின்றுபோனதன் வாசனை.

முதலில் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ நெல் ஊற ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். சூட்டில் நெல்லிலிருந்து சீனி, மாப்பொருள், கொஞ்சம் புரதம் எல்லாம் கரைந்து இறங்கிவிடும். பற்றீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. இந்தக் கரைசலை முழுதாகத் தின்று தீர்க்கப் பற்றீரியாவுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற அளவுதான் உயிரியல் ஒட்சிசன் தேவை. கணக்குக்காக, லீற்றருக்கு 3000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வெப்பத்தில் சுத்தமான தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசனோ லீற்றருக்கு ஏழு, எட்டு மில்லிகிராம்தான். அதாவது ஒரு லீற்றர் ஊறல் தண்ணீர் சுமார் 400 லீற்றர் குளத்துத் தண்ணீரின் மூச்சைப் பறித்துவிடும். மீன் மிதப்பதற்கு நஞ்சு எதுவும் கலக்கத் தேவையில்லை.

ஒட்சிசன் தீர்ந்ததும் வாய்க்காலில் வேறு ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒட்சிசன் இல்லாத அழுகலில் நான்கு கட்டங்கள் உண்டு. பெரிய மூலக்கூறுகள் உடைந்து சீனியாகும், சீனி புளித்துப் புரப்பியோனிக், பியூற்றிரிக் போன்ற அமிலங்களாகும், அவை அசற்றிக் அமிலமும் ஐதரசனும் ஆகும், கடைசியில் மணமில்லாத எரிவாயுவான மெதேன். முதல் இரண்டும் அவசரக்கார வேலை, அதைச் செய்யும் பற்றீரியாக்கள் சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். கடைசிக் கட்டத்தில் அசற்றிக் அமிலத்தைத் தின்று மெதேன் ஆக்கும் உயிர்களுக்கு அதற்கு நாட்கணக்கில் வேண்டும். வாய்க்காலில் அமிலம் குவிகிறது, தின்ன ஆளில்லை. பியூற்றிரிக் அமிலம்தான் கெட்டுப்போன வெண்ணெயிலும் வாந்தியிலும் அடிக்கிற அந்த நாற்றம். கூடவே ஐதரசன் சல்பைட்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடம், மூன்றாவது கட்டம்.

புரப்பியோனிக் அமிலத்தைத் தின்னும் பற்றீரியாவின் பிழைப்பு விசித்திரமானது. அது தின்றால் ஐதரசன் வெளியே வரும். அந்த ஐதரசன் சுற்றிலும் தேங்கினால் தின்பதில் அதற்குச் சக்தியே கிடைக்காது. குளத்துத் துருசைத் திறந்தாலும் வாய்க்காலின் மட்டம் குளத்தின் மட்டத்துக்கு ஏறி நின்றால் தண்ணீர் ஓடாதல்லவா, அப்படித்தான். எவ்வளவு தேங்கலாம்? வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டினால் உணவுக்கு நடுவே அந்தப் பற்றீரியா பட்டினி கிடக்கும்.

ஐதரசனைக் குடித்து இறக்குவதற்குப் பக்கத்தில் இன்னோர் உயிர் வேண்டும். ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து மெதேன் ஆக்குகிற நுண்ணுயிர் அது. அது அளவுக்கு மீறிக் குடிக்கவும் முடியாது; ஐதரசன் மிகவும் குறைந்துபோனால் அதற்கும் சக்தி கிடைக்காது. இருவரும் பிழைக்கக்கூடிய ஒடுக்கமான ஓர் இடைவெளிக்குள் ஐதரசன் நிற்க வேண்டும். அதை அளந்து வைக்க யாரும் இல்லை. ஒருவர் விடுகிற வேகமும் மற்றவர் குடிக்கிற வேகமும் சேர்ந்து அந்த மட்டத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. கிடைக்கும் சக்தியோ மிகச் சொற்பம், அதையும் இரண்டாகப் பங்கு போட வேண்டும். எனவே இருவரும் மைக்ரோமீற்றர் கணக்கில் ஒட்டிக்கொண்டே வாழ்கிறார்கள். தொட்டியை அளவுக்கு மீறிக் கலக்கி இவர்களைப் பிரித்துவிட்டால் புரப்பியோனிக் அமிலம் மறுபடி ஏறத் தொடங்கும்.

இந்த ஒட்டுறவு விஞ்ஞானிகளையே பல காலம் ஏமாற்றியது. எதனோலைத் தின்று மெதேன் விடுகிற ஒரு நுண்ணுயிருக்கு மெதனோபசிலசு ஒமிலியான்சுகி என்று பெயர் வைத்து, அதை ஓர் உயிர் என்றே நம்பி வளர்த்தார்கள். 1967இல் பிரையன்ட், வொலின், வொல்ஃப் குழுவினர் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருவர்! ஒருவர் எதனோலைத் தின்று ஐதரசன் விடுகிறவர், மற்றவர் எதனோலைத் தொடவே தெரியாமல் ஐதரசனை மட்டும் குடிக்கிறவர். பத்து ஆண்டு கழித்து இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் அதே வொல்ஃபின் சக ஆய்வாளரான கார்ல் வூசு, மெதேன் ஆக்கும் உயிர்கள் பற்றீரியாக்களே அல்ல, ஆர்க்கியா என்ற தனி வம்சம் என்று காட்டினார். சேற்று நாற்றத்தை முகர்ந்துகொண்டு போனவர்களுக்கு உயிர்களின் வம்சாவளியையே திருத்தி எழுத வேண்டி வந்தது.

சரி, இந்தச் சோடிகளைத் தொட்டிக்குள் எப்படிப் பிடித்து வைப்பது? நாட்கணக்கில் வளர்கிறவர்கள், தண்ணீரோ சில மணி நேரத்தில் வெளியே ஓடிவிடும். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தின் காட்சே லெற்றிங்கா 1970களில் இதற்கு வழி கண்டார். தண்ணீரைத் தொட்டியின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏற்றினால், இலேசான சேறு அடித்துக்கொண்டு போகும். ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்தவை அடியில் தங்கும். மாதக்கணக்கில் இப்படித் தெரிவு நடந்து, ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் வரை கறுத்த மணிகள் உருவாகும். ஒரு மணியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் வெளித்தோலில் சீனி புளிக்கவைப்போரும், அதற்கு உள்ளே நம் ஐதரசன் சோடிகளும், நடுவில் அசற்றிக் அமிலம் தின்போரும் குடியிருப்பார்கள். நான்கு கட்டமும் ஒரு மணிக்குள்.

லெற்றிங்கா இந்த முறைக்கு ஆக்கவுரிமை எடுக்கவில்லை. யாரும் கட்டலாம் என்று விட்டுவிட்டார். அங்கே குளிரில் பல கழிவுகளைச் சூடாக்கியே தொட்டிக்குள் விட வேண்டும். வன்னியில் வெயில் சும்மா கிடைக்கிறது, ஆலைத் தண்ணீரை நாம் ஆறத்தான் வைக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. ஒரு மாணவரை இரண்டு போகத்துக்கு ஓர் ஆலையில் உட்காரவைத்து அளக்கச் சொல்ல ஆகும் செலவு, ஒரு திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகாது. தொட்டி கட்டக் காசு கொடுப்பவர்கள் அதை அளப்பதற்கும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தொட்டியில் பிறக்கும் மெதேனைப் பிடித்துக் கொதிகலனில் உமியோடு எரிக்கலாம். இரசாயன ஒட்சிசன் தேவைக் கணக்கில் (பற்றீரியாவுக்குப் பதில் இரசாயனத்தால் கழிவை எரித்து அளக்கும் ஒட்சிசன் அளவு அது) ஒரு கிலோ கழிவு நீங்கினால் 0.35 கன மீற்றர் மெதேன்.

ஆனால் இதோடு வேலை முடியாது. மூடிய தொட்டி பொதுவாக ஐந்தில் நான்கு பங்கைத்தான் தின்னும். முதலில் நாம் வைத்துக்கொண்ட உயிரியல் ஒட்சிசன் தேவை 3000 மில்லிகிராம் 600 ஆகும். உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விட இலங்கையில் அனுமதிக்கப்பட்ட அளவு 30. மிச்சத்துக்குக் காற்றூட்ட வேண்டும். 1914இல் மான்செஸ்ரரில் ஆர்டனும் லொக்கெற்றும் கண்ட பழைய முறைதான் இது. காற்றை ஊது, வளர்ந்த சேற்றை வீசாமல் திருப்பி விடு. முதலிலேயே காற்றூட்டினால் என்ன என்று கேட்கலாம். மின்சாரக் கட்டணம் ஒருபுறம் இருக்க, காற்றில் வளர்கிற பற்றீரியா தின்றதில் ஏறக்குறையப் பாதியைத் தன் உடம்பாக்கிவிடும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது? ஒட்சிசன் இல்லாதவர்கள் சக்தி கிடைக்காத ஏழைகள், உடம்பு வைக்க மாட்டார்கள்.

புரதத்திலிருந்து வந்த அமோனியா காற்றூட்டிய தொட்டியில் நைத்திரேற்றாகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்றுப் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். ஆகவே அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை, காற்றூட்டாத ஒரு முன்தொட்டிக்குத் திருப்பி விடுவார்கள். அங்கே ஒட்சிசன் கிடைக்காத பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ள, நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். கடைசியில் சம்பும் கோரையும் வளர்ந்த ஓர் ஆழமில்லாக் குட்டை. பொசுபரசில் ஒரு பங்கை அவை எடுத்துக்கொள்ளும், எடுத்ததை நாம் வெட்டி அகற்றினால். வெட்டாமல் விட்டால் அழுகித் திரும்பவும் தண்ணீருக்கே வரும்; பிறகு குளத்தில் சல்வீனியா மூடியதே என்று அழவேண்டியதுதான்.

தொட்டி தொடங்க நல்ல நாள் பார்ப்பதில் யாருக்கும் நட்டமில்லை. பக்கற்றில் அடைத்த ‘அதிசய நுண்ணுயிர்’ வாங்கி ஊற்றுகிற நம்பிக்கைதான் காசைத் தின்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியின் சேறு கிடைத்தால் அதைவிட நல்ல விதை இல்லை. கிடைக்காவிட்டால் சாணக் கரைசல் போதும், மெதேன் ஆக்குவோர் அதில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அப்புறம் பொறுமை. முதல் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள். 6.5க்குக் கீழே இறங்கினால் அமிலக்காரர்கள் முந்திவிட்டார்கள் என்று அர்த்தம்: தண்ணீர் விடுவதை நிறுத்தி, அளவாகச் சுண்ணாம்பு போட்டு, பிஎச் 7க்குப் பக்கத்தில் வந்து வாயு மறுபடி பிடிக்கும்வரை காத்திருங்கள். சிறுபோக நெல் வருவதற்குள் தொட்டி தயாராக வேண்டுமென்றால் வைகாசியிலேயே தொடங்குவது நல்லது.