கரைவலைக்காரரின் இடுப்பும் கிக்பாக்சரின் காலும்

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பவர்களைச் சற்று நேரம் நின்று கவனித்தால், அவர்களில் ஒருவரும் நிமிர்ந்து நின்று இழுப்பதில்லை என்பது தெரியும். குதிகாலை மணலில் புதைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்திப் பின்னால் சாய்ந்தபடிதான் கயிற்றைப் பிடிக்கிறார்கள். தன்னைவிடப் பெரிய விசை இழுக்கும்போது விழாமல் நிற்க உடல் தானாகக் கண்டுகொண்ட வழி அது. அரியமான் கடற்கரையில் விடியற்காலையில் பயிற்சி செய்யும் இளைஞர் ஒருவர், குத்தும் உதையுமான கிக்பாக்சிங்கைப் பத்தாண்டுகள் ஆடிவிட்டு, முப்பதை நெருங்கும் வயதில், பிடித்துக் கீழே வீழ்த்துவதற்கும் இடமுள்ள, எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைக்கு மாறியிருக்கிறார். மாதக்கணக்காக அவர் திணறிக்கொண்டிருப்பது இந்த ஒரு நிலையைக் கற்றுக்கொள்ளத்தான்.

கிக்பாக்சர் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. உதைப்பதற்கும், தொடையை நோக்கி வரும் உதையை முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பால் தடுப்பதற்கும் அவருடைய முன்கால் நொடியில் மேலே எழ வேண்டும். எனவே அதன்மீது அதிக எடையை வைக்க முடியாது. நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் தொப்புளை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. அதிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு இரண்டு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை அவர் சாய மாட்டார். ஒரு காலைத் தூக்கியதும் அந்தப் பரப்பு ஒற்றைப் பாதத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பெரும்பாலான கிக்பாக்சிங் விதிகள் காலைப் பிடித்துக் கீழே தள்ளுவதை அனுமதிப்பதில்லை என்பதால், அங்கே இதனால் பெரிய ஆபத்து இல்லை. எம்எம்ஏவில் தூக்கிய கால் எதிராளியின் கைக்குக் கிடைத்த நெம்புகோல். இடுப்பிலிருந்து ஏறத்தாழ முக்கால் மீட்டருக்கும் அப்பால் இருக்கும் கணுக்காலைப் பற்றி உயர்த்துபவருக்குப் பெரிய பலம் தேவையில்லை. தூரமே அவருக்காக வேலை செய்துவிடும். பேச்சுவழக்கில் காலை வாருவது துரோகம், இந்த விளையாட்டிலோ அது முதல் பாடம். நம் ஊர்க் கபடிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடி வருபவரின் எந்தக் கால் தரையைவிட்டு எழும் என்று காத்திருந்து கணுக்காலைப் பிடிப்பதுதானே அவர்களுடைய வேலை.

அப்படியானால் காலைத் தூக்காமல் இருந்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் அறிவில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை செய்த அசைவு, யோசனையின் துணையின்றித் தானே நிகழும்படி மூளையின் ஆழத்தில் பதிந்துவிடுகிறது. எதிராளியின் தோள் தாழ்ந்தால் உதை வருகிறது என்று படித்த உடல், அவர் காலைப் பிடிக்கப் பாயும்போதும் அதே விடையைத் தருகிறது. போதாக்குறைக்குத் தெரிவுகளும் கூடிவிடுகின்றன. 1952இல் ஹிக் என்ற உளவியலாளர் காட்டியபடி, எதிர்கொள்ள வேண்டிய தெரிவுகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்வினை நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. கண்ணால் கண்டதற்கு எதிர்வினையாற்றவே கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும்போது, அடியா, உதையா, பிடியா என்று பிரித்தறியும் கூடுதல் கணம் விலை மிகுந்தது. தன் கலையில் தேர்ந்தவரே புதியவரைவிட அதிகம் தடுமாறுவது, என் பார்வையில், இந்த மாற்றத்தின் உண்மையான கடினம். தரையில் புரண்டு போராடுவதைக்கூட அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

மூச்சு வாங்குவதும் வேறு வகையில் நிகழ்கிறது. மூன்று நிமிடச் சுற்று ஐந்து நிமிடமாகிறது என்பது அதில் பாதிக் கதைதான். அடிப்பதும் விலகுவதுமாக இருக்கும்போது தசை சுருங்கித் தளர்கிறது, தளரும்போதெல்லாம் இரத்தம் பாய்கிறது. கட்டிப்பிடித்து அழுத்தும்போது தசை தளராமல் இறுகியே இருப்பதால், தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. நிறைகுடத்தை இடுப்பில் ஏந்தி ஒரு மைல் நடந்துவிடுபவர்கூட, அதே குடத்தை நீட்டிய கையில் ஒரு நிமிடம் பிடித்து நிற்க முடியாது.

கையுறையும் மாறுகிறது. எட்டு, பத்து அவுன்ஸ் கையுறையை முகத்துக்கு முன் கேடயமாக உயர்த்திப் பழகியவருக்கு, நான்கு அவுன்ஸ் கையுறையின் இடுக்கு வழியே குத்து நுழைந்துவிடும்.

இத்தனையையும் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். குரோஷியாவின் கிக்பாக்சர் மிர்கோ குரோ காப் 2001இல் எம்எம்ஏவுக்கு மாறி, 2006இல் ஜப்பானின் பிரைடு என்ற எம்எம்ஏ அமைப்பு நடத்திய, எடைப் பிரிவு பாராத ஓப்பன்வெயிட் தொடரை வென்றார். பிரேசிலின் அலெக்ஸ் பெரேரா 2015இல் தம் முதல் எம்எம்ஏ போட்டியில் கழுத்து நெரிபட்டுத் தோற்றவர். கழுத்தின் இருபுறத் தமனிகளும் ஒருசேர அழுத்தப்பட்டால் ஏறத்தாழ பத்து நொடிகளில் நினைவு தப்பும். அந்தப் பிடியை எவ்வளவு வலிய உதையாலும் அவிழ்க்க முடியாது. அப்படித் தோற்ற பெரேராவே 2021இல் எம்எம்ஏவின் முன்னணிப் போட்டி அமைப்பான யுஎப்சிக்கு வந்து, அடுத்த ஆண்டு நவம்பரில் நடுத்தர எடைப் பட்டத்தை வென்றார்.

அரியமான் மணல் இந்த இளைஞருக்கு ஒரு வகையில் உதவுகிறது. உதைக்கும்போது ஊன்றிய பாதம் சுழல வேண்டும். மணலில் அது புதைந்து நின்றுவிடுவதால் உதை அரைகுறையாகிறது. மேலும், மணலில் நடக்கவே கெட்டித்தரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது. இடுப்பைத் தாழ்த்தி நிற்பவருக்கோ அதே மணல் பிடிமானம் தருகிறது. சென்ற வாரம் அவருடைய கபடி நண்பர் காலை நோக்கிப் பாய்ந்தபோது, அவர் காலைத் தூக்கவில்லை. இரு கால்களையும் பின்னுக்கு எறிந்து, இடுப்பின் எடை முழுவதையும் நண்பரின் தோள்மேல் இறக்கினார். மறுமுறை பாய்ந்தபோது முன்கால் பழையபடி எழுந்தது. நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.